பூட்டு, கேமரா, பக்கத்து வீடு: டெல்டா வீட்டுக்கு எவ்வளவு பாதுகாப்பு போதும்?

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி வட்டாரங்களில் இன்று இரண்டு வகை வீடுகள் பெருகியிருக்கின்றன. ஒன்று, பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ வெளிநாட்டிலோ வேலை பார்க்க, வயதான பெற்றோர் மட்டும் வசிக்கும் வீடு. மற்றொன்று, பெற்றோர் காலத்துக்குப் பிறகு, குலதெய்வ வழிபாட்டுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் மட்டும் திறக்கப்பட்டு, மற்ற நாட்களில் பூட்டியே கிடக்கும் வீடு. இரண்டுக்கும் தேவையான காவல் ஒன்றல்ல. ஆனால் ஊருக்கு வந்து ஒரு வாரத்தில் திரும்ப வேண்டிய பிள்ளைகள் அவசரத்தில் கேமராவை மாட்டிவிட்டு நிம்மதியாகக் கிளம்பிவிடுகிறார்கள். செலவு வரிசையில் கேமராவுக்குக் கடைசி இடம்தான் என்பது என் கருத்து. கொல்லைக் கதவு முதலில், நகையை வீட்டிலிருந்து அகற்றுவது அடுத்து, பக்கத்து வீட்டாரோடு செய்துகொள்ளும் ஏற்பாடு மூன்றாவது. இவை மூன்றும் முடிந்த பிறகு பணம் மீந்தால் கேமரா வாங்கலாம்.

எந்த ஏற்பாட்டையும் மூன்று கேள்விகளால் அளந்துவிடலாம். திருட வந்தவன் உள்ளே நுழைய எவ்வளவு நேரமாகும்? அந்த நேரத்துக்குள் அது யாருக்காவது தெரியவருமா? தெரிந்துகொண்டவர் வந்து சேர எவ்வளவு நேரமாகும்? கதவு ஐந்து நிமிடம் தாங்குகிறது, ஆள் வர அரை மணி நேரமாகிறது என்றால், நடுவில் எத்தனை கருவிகள் ஒலித்தாலும் பீரோ காலியாகிவிடும். பூட்டும் இரும்பும் முதல் கேள்விக்குத்தான் பதில் தருகின்றன. கேமராவும் அலாரமும் இரண்டாவதற்கு மட்டும். மூன்றாவதற்குப் பதில் சொல்ல மனிதரால்தான் முடியும்.

டெல்டாவின் பழைய வீடு தெருவிலிருந்து பின்னோக்கி நீளுவது. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுக்களை, கிணற்றடி, மாட்டுக்கொட்டகை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க் கொல்லையில் முடியும். பல ஊர்களில் கொல்லைக்கு அப்பால் வாய்க்கால். வாசலில் இருப்பது கனத்த தேக்குக் கதவு. கொல்லையில் இருப்பதோ பலகை அடித்த கதவு. மழைத் தண்ணீர் தெறித்துத் தெறித்து அடிப்பகுதி இற்றுப்போய், உள்பக்கம் ஒரே ஒரு தாழ்ப்பாளோடு நிற்கும். வாசலுக்கு விலை உயர்ந்த பூட்டு வாங்குபவர்கள் கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. இதில் பருவத்துக்கும் பங்குண்டு. வழக்கப்படி மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு ஜனவரி 28 அன்று மூடப்படுகிறது. தண்ணீர் ஓடும் மாதங்களில் வாய்க்காலும் சேறும் ஓரளவு தடையாக இருக்கின்றன. பங்குனி, சித்திரையில் அதே வாய்க்கால் காய்ந்து, தெருவிளக்கு எட்டாத பாதையாகிவிடுகிறது. விடுமுறைக்கும் திருமணங்களுக்கும் வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்புவதும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான்.

ஆகவே இரும்புக்குச் செலவழிப்பதென்றால் அதைக் கொல்லையிலிருந்து தொடங்க வேண்டும். இற்றுப்போன பலகையை மாற்றுவது, உள்பக்கம் நிலையின் ஒரு காலிலிருந்து மறு காலுக்குக் குறுக்கே விழும் இரும்புச் சட்டம் போடுவது, வெளியே ஒரு கம்பிக் கதவு வைப்பது ஆகிய மூன்றையும் உள்ளூர் தச்சரும் வெல்டிங் கடைக்காரரும் இரண்டு நாளில் முடித்துவிடுவார்கள். முற்றம் திறந்திருந்தால் அதன் மேல் கம்பிச் சட்டம் அவசியம். ஓட்டு வீட்டில் ஓட்டைப் பிரித்து இறங்கும் வழி எப்போதும் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டு, பீரோ இருக்கும் அறைக்காவது கம்பி வலையோ பலகையோ அடித்த மேல்தளம் போடுவது நல்லது.

பூட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பணம் வீணாவது இங்கேதான். திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் தரத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் திருட வருபவன் பூட்டோடு மல்லுக்கட்டுவதில்லை. பூட்டு தொங்கும் நாதாங்கியைப் பாருங்கள். பெரும்பாலும் அது முக்கால் அங்குலத் திருகாணிகளால் மரத்தில் பிடிக்கப்பட்டிருக்கும். பல ஆண்டு ஈரத்தில் திருகாணி துருப்பிடித்து, அதைச் சுற்றியுள்ள மரம் தூளாகி, கையால் அசைத்தாலே ஆடும். கடப்பாரையின் நுனியைச் செருகி ஒரு நெம்பு நெம்பினால் பூட்டு உடையாமல் அப்படியே நாதாங்கியோடு வந்துவிடும். திருகாணிக்குப் பதிலாகக் கதவின் மறுபக்கம் வரை துளைத்துச் செல்லும் போல்ட் போட்டு, உள்ளே வாஷரும் நட்டும் வைத்து முடுக்குவதற்குச் சில நூறு ரூபாய் ஆகலாம். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் புதுப் பூட்டைவிட அது தரும் பயன் அதிகம்.

தொங்கு பூட்டுக்கு இன்னொரு குறை உண்டு. வெளியே தொங்குவதால், வீட்டில் ஆளில்லை என்பதைத் தெருவில் போகிற எவருக்கும் அது அறிவித்துவிடுகிறது. கதவுக்குள் பதித்த பூட்டில் அந்தக் குறை இல்லை. பூட்டியிருக்கிறதா, உள்ளே ஆள் இருக்கிறார்களா என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. அடிக்கடி வெளியூர் போகும் குடும்பத்துக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று இரும்புப் பூட்டைச் சீக்கிரம் இறுக்கிவிடும் என்பதால் பித்தளை உடல் கொண்ட பூட்டு மேல். இறுகிய பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. எண்ணெயில் தூசி ஒட்டி நாளடைவில் பிசினாகிவிடும். பென்சில் கரியைப் பொடித்துச் சாவித்துளையில் ஊதினால் நீண்ட நாள் சரளமாகத் திரும்பும்.

கைரேகையாலும் எண்ணாலும் திறக்கும் டிஜிட்டல் பூட்டு, நகரத்து அடுக்ககத்தில் வேலைக்குப் போகும் தம்பதிக்கு வசதியானது. வயல் வேலையிலும் அடுப்படியிலும் கை தேய்ந்த ஒருவருக்கு ரேஷன் கடை இயந்திரத்திலேயே கைரேகை விழாமல் மூன்று நான்கு முறை அழுத்தித் துடைத்து வைக்க வேண்டியிருக்கிறது. அதே விரலை நம்பி இரவு எட்டு மணிக்கு மழையில் வாசலில் நிற்கவைப்பது நியாயமில்லை. மேலும் அது பேட்டரியில் ஓடுவது; மாதக்கணக்கில் திறக்கப்படாத வீட்டில் பேட்டரி கசிந்து பூட்டையே கெடுக்கக்கூடும். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் பெற்றோர் வசிக்கும் வீட்டுக்கும் இது பொருந்தாது.

கேமராவை எடுத்துக்கொள்வோம். கம்பி இழுத்து ரெக்கார்டரில் பதியும் வகை, சிம் கார்டில் இயங்கும் வகை என்று இரண்டும் இங்கே விற்பனையாகின்றன. முதல் வகையில், ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அளவில் பதிந்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 21.6 ஜிபி ஆகும். நான்கு கேமராவுக்கு ஒரு டெராபைட் வட்டு 11 அல்லது 12 நாளில் நிறைந்து, பழைய பதிவு அழியத் தொடங்கும். மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டில் திருட்டு நடந்தது மூன்று வாரம் கழித்துத் தெரியவந்தால் பதிவே இருக்காது. அசைவு இருக்கும்போது மட்டும் பதியுமாறு அமைத்தால் இது சரியாகும். தவிர, ரெக்கார்டரைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்தால் திருடன் அதையும் தூக்கிச் சென்றுவிடுவான். பரணிலோ பூட்டிய அலமாரியிலோ ஒளித்து வைக்க வேண்டும். சிம் வகை உடனே செல்பேசிக்குப் படம் அனுப்பும். ஆனால் அதே அளவு தரவை நாள் முழுவதும் அனுப்ப எந்தச் சாதாரணத் திட்டமும் இடம் கொடுக்காது என்பதால், அதுவும் அசைவை நம்பித்தான் ஓடுகிறது.

அசைவு என்பது டெல்டாவில் பெரிய சிக்கல். இரவில் கேமராவின் அகச்சிவப்பு விளக்கு பூச்சிகளை இழுக்கும்; பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். கண்ணாடிக்கு முன்னால் ஓர் இழை கட்டினால் போதும், காற்றில் அது ஆடும்போதெல்லாம் திரையில் தடித்த வெள்ளைக் கயிறு போலத் தெரிந்து எச்சரிக்கை ஒலிக்கும். சம்பா அறுவடைக் காலத்தில் வயலோர வீடுகளில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். பெங்களூரில் இருக்கும் மகனுக்கு இரவெல்லாம் ஒலி வந்துகொண்டே இருந்தால், பத்தாவது நாள் அவர் அந்த ஒலியை அணைத்துவிட்டுத் தூங்குவார்; அதில் அவர் தவறு ஒன்றுமில்லை. பத்து நாளுக்கு ஒருமுறை ஒட்டடைக் கம்பால் சிலந்தி வலையை அகற்ற உள்ளூரில் ஒருவர் வேண்டும். கேமரா வாங்கினாலும் ஆள் தேவைப்படுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

மின்சாரமும் அப்படித்தான். நான்கு கேமராவும் ரெக்கார்டரும் சேர்ந்து சுமார் 40 வாட் எடுக்கும் என்று கொண்டால், 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரி, வேறு எதையும் ஓட்டாமல் இருந்தால், ஒரு நாளுக்குச் சற்று அதிகமாகத் தாங்கும். சாதாரண மின்தடைக்கு இது போதும். ஆனால் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு, நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்களின் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. செல்பேசிக் கோபுரங்களும் செயலிழந்தன. மரம் விழுந்து மதில் சரிந்து கொல்லை திறந்து கிடந்த அந்த நாட்களில்தான் காவல் மிகவும் தேவைப்பட்டது.

இத்தனை சொன்ன பிறகும் கேமராவால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். நடந்த பிறகு அடையாளம் காணப் போலீஸாருக்கு அது உதவுகிறது. வாசலில் தெரியும்படி வைத்தால் சிலரையாவது தயங்க வைக்கிறது. ஒன்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன்: அடுத்த வீட்டுக் கிணற்றடியோ குளியலறைப் பக்கமோ தெரியும்படி அதைத் திருப்ப வேண்டாம். அதனால் மனக்கசப்பு வந்துவிட்டால், ஆபத்தில் முதலில் ஓடிவரக் கூடியவரையே இழந்துவிடுவோம்.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரரை நான் மற்ற எல்லா ஏற்பாட்டுக்கும் மேலாக மதிக்கிறேன். ஒட்டுச் சுவர் வீடுகள் நிறைந்த அக்ரகாரத்திலும் கடைத்தெருவிலும், கதவை நெம்பும் ஓசை அடுத்த கூடத்தில் கேட்கும். வந்து விளக்கைப் போட அவருக்கு இரண்டு நிமிடம் போதும். ஆனால் இதை வெறும் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடாமல் முறையாகச் செய்ய வேண்டும். வாசல் விளக்கை அந்தியில் போட்டுக் காலையில் அணைப்பது, வாசலில் சேரும் தபாலையும் சருகையும் அகற்றுவது, மார்கழியிலாவது வாசல் தெளித்துக் கோலம் போடுவது ஆகியவற்றுக்கு ஒருவரிடம் பேசி, உரிய தொகையை மாதந்தோறும் தவறாமல் கொடுத்துவிட வேண்டும். கோலம் இல்லாத வாசல் பூட்டைவிட உரக்க ஆளில்லை என்கிறது. வெளிச் சாவி அவரிடம் இருக்கலாம். பீரோச் சாவி இருக்கக் கூடாது. அவரை நம்பாததால் அல்ல, ஏதேனும் நடந்தால் விசாரணையில் அவருக்குச் சங்கடம் வரக் கூடாது என்பதால். வெளியூர் போகும் முன் காவல் நிலையத்தில் தெரிவிப்பதும் இதோடு சேர்ந்தது. இரவு ரோந்தில் அந்தத் தெருவையும் சேர்த்துக்கொள்வார்கள். தெருவார் சேர்ந்து கூர்க்கா வைப்பது ஊர்ப்பக்கம் சீராக நடப்பது அரிது. நாய், வீட்டில் ஆள் இருந்தால் மிக நல்ல துணை. பூட்டிய வீட்டில் அதை விட்டுச் செல்வது கொடுமை.

அடுத்து, வங்கி லாக்கர். வீட்டில் எடுத்துச் செல்ல எதுவும் இல்லை என்றால் மற்ற எல்லாக் கவலையும் பாதியாகக் குறையும் என்பதால், நகை இருக்கும் குடும்பத்துக்கு இது மிகவும் அவசியம். ஆனால் அதன் வரம்பையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, தீ, திருட்டு, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி போன்றவற்றால் லாக்கரில் உள்ளது போனால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு வரைதான். ஆண்டு வாடகை 2,000 ரூபாய் என்றால் 2 லட்சம். வெள்ளம், நிலநடுக்கம், மின்னல் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு, வங்கியின் கவனக்குறைவு இல்லாதவரை, அதுவும் இல்லை. தாழ்வான பகுதியில் தரைத்தளத்தில் லாக்கர் அறை உள்ள கிளையைத் தேர்ந்தெடுக்கும் முன் இதை நினைவில் கொள்ள வேண்டும். நாமினி பெயரையும் மறக்காமல் பதிய வேண்டும்.

வீட்டுக் காப்பீட்டில் பலரும் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி தீ, புயல், வெள்ளம் ஆகியவற்றுக்கானது. அதில் திருட்டுக்கு இழப்பீடு கிடைப்பது, அத்தகைய விபத்தைத் தொடர்ந்து ஏழு நாளுக்குள் அதன் காரணமாக நடந்தால் மட்டும். கஜா போன்ற புயலுக்குப் பின் அது கைகொடுக்கும். சாதாரண நாளில் கதவை உடைத்துத் திருடுவதற்குத் தனியாகப் பாலிசி எடுக்க வேண்டும். அதிலும் வீடு தொடர்ந்து குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் இழப்பீடு இல்லை என்ற விதி பொதுவாக இருக்கும். பூட்டிய வீட்டுக்காரர்கள் கையெழுத்திடும் முன் அந்த நாட்கணக்கைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பெற்றோர் தனியாக இருக்கும் வீட்டில் மேலே சொன்ன இரும்பெல்லாம் அளவோடு இருப்பது நல்லது. மடக்குக் கேட்டுக்கு உள்ளே பூட்டு, அதற்குள் கதவுக்கு இன்னொரு பூட்டு, கொல்லைக்கு மூன்றாவது என்று அடுக்கிவிட்டு, எந்தச் சாவி எங்கே என்று இருட்டில் தேட வைத்தால், அம்மா கால் இடறி விழுந்த இரவில் உதவிக்கு வந்தவர்கள் வெளியேதான் நிற்பார்கள். அடுப்படியில் தீப்பிடித்தால் அவர்கள் வெளியே வரவும் வழியில்லை. உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும் கதவு ஒன்றாவது வேண்டும். வாசல் கதவில் சங்கிலியும் பார்வைத் துளையும் போட்டு, கேஸ் சோதனை என்றோ குடிக்கத் தண்ணீர் என்றோ வருபவரிடம் சங்கிலியை எடுக்காமலே பேசப் பழக்குவது, பத்து கேமராவுக்குச் சமமான பயன் தரும். வீட்டுக்குள்ளே கேமரா வைக்க நினைக்கும் பிள்ளைகள், அதற்கு முன் பெற்றோரிடம் கேட்டு, கூடத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.