தீக்காக்கையைப் பார்க்க: நடையா, காத்திருப்பா?

வேலூரைச் சுற்றியிருப்பது பெரும்பாலும் வறண்ட காடு. தீக்காக்கை (மலபார் ட்ரோகன் என்ற காட்டுப் பறவை) வேண்டுமென்றால் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டுக்குத்தான் போக வேண்டும். காட்பாடியில் இரவு ரயிலேறி ஆலுவாவில் இறங்கினால், கோதமங்கலம் வழியாகக் கேரளத்தின் தட்டேக்காடு பறவைகள் சரணாலயம். கோவையில் இறங்கினால் பொள்ளாச்சி, ஆழியாறு, 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறை. பறவை மட்டுமே குறி என்றால் தட்டேக்காடு போங்கள். 25 சதுர கிலோமீட்டர்தான், மலையேற்றமும் இல்லை. வால்பாறையில் காடு தேயிலைக்கு நடுவே துண்டுதுண்டாகக் கிடப்பதால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவதிலேயே காலைப்பொழுது கரைந்துவிடும். சிங்கவால் குரங்கையும் பார்க்க ஆசையென்றால் வால்பாறை சரி.

இடத்தைவிட முறைதான் முக்கியம். நடந்துகொண்டே தேடினால் நிறைய காடு பார்க்கலாம். தீக்காக்கையைத் தாண்டிப் போய்விடுவோம். நடுமட்டக் கிளையில் நிமிர்ந்து, அசையாமல் உட்காரும் பறவை அது. ஆள் அரவம் கேட்டால் முதுகைத் திருப்பிக்கொள்ளும். ஆணின் சிவந்த வயிறும் மார்பில் ஓடும் வெள்ளைப் பட்டியும் மறைந்து, பழுப்பு முதுகு காய்ந்த இலை மாதிரி தெரியும். பெண்ணுக்கு வயிறே மங்கிய காவி நிறம். நேருக்கு நேர் இருந்தாலும் தவறிவிடும்.

காத்திருப்பதே மேல், ஆனால் கண்ட இடத்தில் அல்ல. துடுப்புவால் கரிச்சானின் குரல் கேட்கும்வரை மெதுவாக நடங்கள், கேட்டதும் நின்றுவிடுங்கள். அந்தக் கரிச்சானோடு பூச்சி வேட்டையாடித் திரியும் பல இனப் பறவைகளின் கலப்புக் கூட்டத்தில் தீக்காக்கையும் சேர்ந்து வரும். 20 நிமிடம் அசையாமல் நின்று, உச்சியை விட்டுவிட்டு நடுக்கிளைகளையே துழாவுங்கள்.

குரல் பதிவை ஒலிக்கவிட்டு வரவழைப்பது மூன்றாவது வழி. வேண்டவே வேண்டாம். பிப்ரவரி முதல் மே வரை மட்கிய மரப்பொந்தில் அடைகாக்கும் காலம். வேற்று ஆண் நுழைந்துவிட்டதென்று முட்டையை விட்டு வந்துவிடும்.

பைனாகுலர் 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர்) போதும். கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் அதில் 5.25 மில்லிமீட்டர், 10×42இல் 4.2தான். இருண்ட காட்டில் சிவப்பு சிவப்பாகத் தெரிவதற்கு இந்த வித்தியாசம் வேண்டும். கைநடுக்கமும் குறைவாகவே தெரியும்.

காதைப் பழக்க அவ்வளவு தூரம் போக வேண்டாம். குளிர்காலத்தில் அமிர்தி, ஜவ்வாது மலையடிவாரப் பக்கம் ஆறுமணிக்குருவியைத் தேடுங்கள். விடியலிலும் அந்தியிலும் அது சீட்டியடிக்கும்போது, திசையைக் காதாலேயே பிடித்துவிட்டு அப்புறம் பைனாகுலரைத் தூக்குங்கள்.