ஆயாவின் நெற்றிப் பச்சையை அழிக்காத ஸ்டூடியோ

வேலூர் லாங் பஜார் பக்கம் ஒரு சந்தில், முதல் மாடியில், பழைய படங்களைச் சரிசெய்து கொடுக்கும் கடை ஒன்று இருக்கிறது. நடத்துவது ஒரே ஆள். கடைப் பெயரை எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். கையில் இருக்கிற வேலைக்கே நாள் போதவில்லையாம். அதனால் எங்கள் படத்துக்கு அங்கே என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்பதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். வேறு ஊரில் வேறு கடை தேடுகிறவர்களுக்கும் என்ன கேட்டு வாங்க வேண்டும் என்று தெரியும்.

படம் 1961-இல் குடியாத்தத்தில் எடுத்தது. தாத்தா நாற்காலியில், ஆயா பக்கத்தில் நின்றபடி, ஆறு வயது அப்பா முக்காலி மேல். பின்னால் திரையில் வரைந்த தோட்டமும் படிக்கட்டும். அட்டையின் பின்புறம் ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று இருக்கிறது. ஸ்டூடியோ பெயர் மங்கிவிட்டது, 'வட ஆற்காடு ஜில்லா' மட்டும் படிக்க முடிகிறது. ஆயா சின்ன வயதில் இருக்கிற படம் எங்களிடம் இது ஒன்றுதான்.

2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பி கௌண்டன்ய ஆற்றில் வெள்ளம் வந்தபோது எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். நான்காம் நாள் திரும்பி வந்தால் படம் சேற்றில் கிடக்கிறது. கண்ணாடி உடையவில்லை என்று சந்தோஷப்பட்டு, துடைத்து, சட்டத்தோடு வெயிலில் வைத்தோம். கெட்டது அங்கேதான். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல்பரப்பு ஜெலட்டின். நனைந்தால் ஊறிப் பசையாகிவிடும், கண்ணாடியோடு ஒட்டியபடி காய்ந்துவிட்டால் பிரியாது. ஈரமாக இருக்கும்போதே சட்டத்திலிருந்து எடுத்து, சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் அலசி, படப்பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, மேலே விரல் படாமல் நிழலில் காயவிட்டிருக்க வேண்டும். காய்ந்து ஒட்டிவிட்டால் தொடவே கூடாது. இதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. என் தம்பி மேல்பக்கமிருந்து மெதுவாகப் பிரித்துப் பார்த்தான். ஆயாவின் இடது கன்னமும் கண்ணில் பாதியும் தாளை விட்டு வந்துவிட்டன. கொஞ்சம் கண்ணாடியில் நின்றது, மீதி தூளாக உதிர்ந்தது. அவன் அன்று சாப்பிடவில்லை.

முதலில் போனது வேலூரிலேயே வேறொரு கடை. கண்ணாடிக்கு மேலேயே செல்போனில் படம் பிடித்தார்கள், ஏதோ செயலியில் போட்டார்கள், பத்து நிமிடத்தில் லேமினேஷனும் ஆகிவிட்டது. 350 ரூபாய். பார்த்தவுடன் எனக்குப் பிரமாதமாகத்தான் இருந்தது. அறுபது வருடத்துப் படம் நேற்று எடுத்த மாதிரி பளிச்சென்று இருந்தது. வீட்டில் அப்பா கையில் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தார்.

"இன்னாடா இது, யாரோ பொம்பளைய நிக்க வச்சிகீறாங்க. எங்கம்மா எங்க?"

அப்புறம்தான் எனக்கும் தெரிந்தது. ஆயாவின் இரண்டு புருவத்துக்கும் நடுவில் பச்சை குத்தியிருக்கும், ஒரு கோடும் அதன் கீழே ஒரு புள்ளியும். அதைக் கறை என்று நினைத்துத் துடைத்துவிட்டது செயலி. இரண்டு பக்க மூக்குத்தியில் ஒன்றைக் காணோம். கண் இரண்டும் ஒரே அளவாக, அச்சு வார்த்த மாதிரி. ஆயாவின் இடது கண் கொஞ்சம் சின்னது.

ஏன் இப்படி ஆகிறது என்று பிறகு தேடிப் படித்தேன். முகத்தைத் தெளிவாக்கும் இந்த வகை மென்பொருள்களில் 2021-இல் வந்து பரவலான ஒன்று, இணையத்தில் திரட்டிய 70,000 முகங்களைப் பார்த்துப் பழகியது. படத்தில் அழிந்துபோன இடத்தை அது தோண்டி எடுப்பதில்லை. தான் பார்த்த முகங்களை வைத்து, அங்கே என்ன இருந்தால் பொருந்தும் என்று புதிதாக ஒன்றை நிரப்புகிறது. வருவது நல்ல முகம்தான். நம்ம வீட்டு முகம் இல்லை.

லாங் பஜார் கடையை அத்தை மகன் சொன்னான். கடைக்காரருக்கு அறுபதுக்கு மேல் வயது. பையனாக இருந்தபோது ஸ்டூடியோவில் நெகட்டிவ் மேல் பென்சிலால் டச்சிங் செய்யும் வேலை கற்றுக்கொண்டவர். கம்ப்யூட்டர் பிறகு பழகியது. சட்டத்தைக் கையில் வாங்கியதும் அவர் முதலில் சொன்னது, "இதுக்கு மேல யாரும் பிரிக்க வேணாம். கண்ணாடியோடவே இருக்கட்டும்."

கண்ணாடியோடு எப்படிப் பிரதி எடுக்கிறார் என்று கூடவே நின்று பார்த்தேன். ஸ்கேனரில் போடவில்லை. சாதா ஸ்கேனர்களுக்குத் தன் பரப்பில் ஒட்டிக் கிடப்பதுதான் தெளிவாகத் தெரியுமாம், நடுவில் ஒரு கண்ணாடி வந்தாலே மங்கிவிடும். மேலிருந்து கீழே பார்க்கிற மாதிரி ஸ்டாண்டில் கேமரா, இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு. விளக்குக்கு முன்னால் ஒரு போலரைசிங் தாள் (ஒளியை ஒரே வாட்டத்தில் மட்டும் விடுகிற தாள்), லென்ஸில் இன்னொன்று. லென்ஸில் இருப்பதைச் சுற்றச் சுற்ற கண்ணாடிப் பளபளப்பு மறைந்து, அடியில் இருக்கிற படம் மட்டும் எழுந்து வந்தது. நான்கு வருடமாக வெறும் வெள்ளைத் திட்டாகத் தெரிந்த இடத்தில் தாத்தாவின் துண்டுக் கரை இருந்தது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

கறுப்பு வெள்ளைப் படத்தைக் கலரில் எடுத்தார். ஏன் என்று கேட்டேன். சேற்றுக் கறை மஞ்சளும் பழுப்புமாக இருக்கிறதே, கலரில் எடுத்துவிட்டு அதில் சிவப்புச் சேனலை, அதாவது படத்தின் சிவப்பு ஒளிப் பங்கை, மட்டும் தனியாகப் பார்த்தால் கறை பெரும்பகுதி மறைந்துவிடும் என்று காட்டினார். நீலச் சேனலில் அதே கறை கரேல் என்று இருந்தது. ஒரு பைசா வேலை செய்யாமலே பாதிக் கறை போய்விட்டது. கண்ணாடியில் ஒட்டிய இடம் இருட்டாகவும் ஒட்டாத இடம் வெளுத்தும் தெரிவதைச் சமன் செய்யத்தான் ரொம்ப நாள் ஆனது என்றார்.

அப்புறம் கேள்விகள். ஆயாவின் வேறு படம் இருக்கிறதா, எந்த வயதில் எடுத்தது, அத்தைகளில் யாருக்கு அவர் சாயல், புடவைக் கரை என்ன அகலம். அத்தை கல்யாணத்தில் எடுத்த படம், வாக்காளர் அட்டைப் படம் என்று நான்கு கொண்டுபோனேன். வலது கண்ணைத் திருப்பிப் போட்டு இடது கண்ணாக்குவது சுலபம், பல பேர் அப்படித்தான் செய்வார்கள், முகம் பொம்மை மாதிரி ஆகிவிடும் என்று அவர் அதைச் செய்யவில்லை. கல்யாணப் படத்தில் இருந்த இடது கண்ணின் வடிவத்தை எடுத்து, கண்ணாடியில் நின்றிருந்த துணுக்குகளோடு சேர்த்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார். படி செங்குத்து, கைப்பிடிக் கம்பி கிடையாது. முட்டிவலிக்காரர் நான்கு இடத்தில் நின்று நின்று ஏறினார். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். மேலே போனதும் கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"ஐயா, நெத்தியில இருக்கிறது பச்சைதானே? கறைன்னு நான் எடுத்துடக் கூடாது பாருங்க."

"பச்சைதாம்பா. புள்ளி கொஞ்சம் கீழ வரும்."

ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தார்கள். கன்னம் இவ்வளவு உப்பல் இல்லை, அப்போ ரொம்ப ஒல்லி என்று அப்பா சொல்லச் சொல்ல அவர் குறைத்தார். காதோரம் முடி எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு அப்பா தன் காதோரத்தில் விரலால் வளைத்துக் காட்டினார். எழுபது வயது மனிதர் தன் அம்மாவின் முடியைக் காற்றில் வரைந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

முகத்தில் அவர் ஏஐ பயன்படுத்தவில்லை. பின்திரைத் தோட்டத்தில் விரிசல் நிரப்பவும் தரையில் பூஞ்சைப் புள்ளி எடுக்கவும் பயன்படுத்தினார், அதை மறைக்கவும் இல்லை. எனக்கு இதில் ஆட்சேபம் கிடையாது. நிரப்பிய இடங்களில் பழைய படத்தின் துகள்தன்மையையும் திரும்பச் சேர்த்திருக்கிறார், ஒட்டுப் போட்டது தெரியவில்லை.

எல்லாவற்றிலும் எனக்குப் பெரிதாகப்பட்டது கடைசியில் கொடுத்த ஃபைல்தான். புதிதாக வரைந்த கன்னமும் கண்ணும் தனி லேயரில், அதாவது படத்தின் மேல் தனியாக வைத்த ஓர் அடுக்கில், இருக்கின்றன. அதை அணைத்தால் அந்த இடம் வெறும் சாம்பல் நிறமாகிவிடும். எது கேமரா பார்த்தது, எது நாம் சொல்லி வரைந்தது என்று பேரப்பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் இல்லையா? நாங்கள் கேட்காமலே செய்து கொடுத்தார். நீங்கள் எந்தக் கடைக்குப் போனாலும் இதை வாய்விட்டுக் கேட்டு வாங்குங்கள். லேயரோடு ஒரு ஃபைல், எதுவும் செய்யாத மூலப் பிரதி ஒரு ஃபைல், இரண்டும் டிஃப் (TIFF) வடிவத்தில். ஜேபெக் (JPEG) மட்டும் போதாது, ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் தரம் குறையும்.

குறைகளும் உண்டு. 12 நாள் என்று சொல்லி 26 நாள் ஆக்கினார். வேலை செய்யும்போது போன் எடுக்க மாட்டார், நேரில் போனால்தான் பதில். குடியாத்தத்திலிருந்து இரண்டு தடவை பஸ் ஏறிச் சும்மா திரும்பினேன், அதில் எனக்கு வருத்தம்தான். முதல் பிரிண்டில் தாத்தாவின் கோட்டு மடிப்பே தெரியாத அளவுக்கு இருட்டு. சொன்னதும் காசு வாங்காமல் மறுபடி போட்டுக் கொடுத்தார். தோட்டத்துத் திரை இன்னும் கொஞ்சம் வழவழப்பாக இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. மொத்தம் 3,200 ரூபாய், பத்துக்குப் பன்னிரண்டு மேட் பிரிண்ட் ஒன்றும் பென் டிரைவும் சேர்த்து. முன்பணம் 1,000. முகம் சேதமாகாத படத்துக்கு இதில் பாதிகூட ஆகாது என்றார்.

புதுப் பிரிண்டைச் சட்டம் போடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் மவுண்ட் அட்டை வைக்கச் சொன்னார். வைத்திருக்கிறோம். பழைய படம் அதன் கண்ணாடியோடு, பழைய வேட்டியில் சுற்றி, பரண் மேல் இருக்கிறது. லேமினேஷன் படத்தை என்ன செய்வது என்று அப்பாவிடம் கேட்டேன். தாத்தா முகம் அதில் நன்றாகத்தானே இருக்கிறது, கிடக்கட்டும் என்றார்.