அடுக்குப் பாவாடைக்கு எது: ரேயானா, கைத்தறியா, அம்மாவின் சேலையா?

போஹீமியன் பாணி என்று இன்று விற்கப்படும் தொளதொளத்த பாவாடை, அச்சுப் பூ, குஞ்சம் ஆகியவற்றில் கணிசமான பங்கு, 1960களில் இந்தியாவுக்கு வந்த ஹிப்பிகள் இங்கிருந்து எடுத்துச் சென்ற பருத்தித் துணிகளுக்கு உரியது. அதே தோற்றத்தைக் கும்பகோணத்திலோ திருவாரூரிலோ இருந்துகொண்டு, ஆற்றுக்கும் தொழிலாளிக்கும் அதிகக் கேடின்றிப் பெற வேண்டுமென்றால் மூன்று வழிகள் முன்னே நிற்கின்றன.

கடைத்தெருவில் தொங்குவது பெரும்பாலும் ரேயான். மரக்கூழிலிருந்து வருவதால் இதை இயற்கை இழை என்று சொல்லி விற்கிறார்கள். ஆனால் அந்தக் கூழை இழையாக்கக் காஸ்டிக் சோடாவும், ஆலைத் தொழிலாளரின் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கக்கூடிய கார்பன் டைசல்பைடும் தேவைப்படுகின்றன. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அது இதமாக இருப்பதையும், அழகாக வழிந்து விழுவதையும் மறுப்பதற்கில்லை. விலையும் குறைவு. ஆயினும் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, நனைத்து இழுத்துப் பாருங்கள்: காய்ந்திருந்தபோது தாங்கிய இழை, ஈரத்தில் சட்டென்று அறுந்துவிடும். அடித்துத் துவைக்கும் வீட்டில் அந்தப் பாவாடை எத்தனை நாள் வரும்?

கைத்தறிப் பருத்திக்கு இங்கே வேரே உண்டு. பருத்தியும் பட்டும் கலந்த கூறைநாட்டுச் சேலை மயிலாடுதுறையின் சொத்து. கருப்பூர்க் கலம்காரி 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. துணியில் கையால் வரையப்படும் அந்தக் கலம்காரி பெரும்பாலும் கோயில் தொம்பைக்கும் (குழல் வடிவத் துணித் தொங்கல்) தோரணத்துக்கும் உரியது என்பதால், அதைப் பாவாடையாக வெட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று ஏமாற்றி விற்பதைத் தவிர்க்க, 2006 முதல் வழங்கப்படும் கைத்தறி முத்திரையைப் பார்த்து வாங்கலாம். ஆனால் முத்திரை நெசவைப் பற்றித்தான் பேசுகிறது. நெசவாளர் கைக்குச் சிட்டாவாக, அதாவது கண்ணிகளாகச் சுற்றி வரும் நூல் எந்த ஆலையில், எந்த நிலையில் வேலை செய்த பெண்களால் நூற்கப்பட்டது என்பதைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. சாயமும் அப்படியே. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்ன திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு இறங்கிய நொய்யல், காவிரியில் கலக்கும் ஆறு என்பதை டெல்டாக்காரர் மறந்துவிடக் கூடாது. இயற்கைச் சாயம் என்றாலே குற்றமில்லை என்பதும் சரியன்று: இரும்பைக் கொண்டு எடுக்கும் கறுப்பு, காலப்போக்கில் துணியையே அரிக்கும்.

என் ஓட்டு மூன்றாவதற்கு, அதாவது அம்மாவின் பழைய பருத்திச் சேலைக்கு. புதிதாக ஒரு சொட்டுச் சாயமும் வேண்டாம், ஒரு முழம் நூலும் வேண்டாம். பல ஆண்டுத் துவைப்பில் வந்த மென்மையை எந்த ஆலையாலும் தர முடியாது. ஐந்தரை மீட்டர் சேலையில் கொசுவம் தரையில் உரசிய கீழ்ப்பகுதிதான் முதலில் நைந்திருக்கும், முந்தானை பெரும்பாலும் புதிதுபோலவே இருக்கும். எனவே தையற்காரரிடம் கொடுக்கும் முன் சேலையை வெளிச்சத்தில் பிடித்து, நைந்த இடங்களைச் சாக்பீஸால் குறித்துவிட வேண்டும். இடுப்பை ஒட்டிய முதல் அடுக்குக்கு முந்தானைப் பக்கத்தை ஒதுக்குங்கள். இழுபடும் சுருக்கங்கள் அங்குதான் கிழியும். உள்ளே பழைய எட்டு முழ வேட்டியை உள்துணியாக வைத்தால் பளுவை அது தாங்கிக்கொள்ளும். பாலியெஸ்டர் சேலையாக இருந்தால் இந்த வேலைக்கு வேண்டாம். நம் வெயிலில் அதை உடுத்துவது தண்டனை, துவைக்கும்தோறும் நுண்பிளாஸ்டிக் இழை வேறு நீரில் போகும்.

வீட்டில் பழைய சேலை இல்லாதவர்களுக்குக் கைத்தறியே அடுத்த தேர்வு. ஆண்டுக்கு ஒன்று போதும். ஏற்கெனவே வாங்கிவிட்ட ரேயான் பாவாடையைக் குற்ற உணர்ச்சியில் தூக்கி எறிய வேண்டியதில்லை. கல்லில் அடிக்காமல் வாளியில் அலசி, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்தினால் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.