டக்ட் டேப்பா, கேபிள் டையா?

வழியில் சைக்கிள் பழுதானால் சமாளிக்க டக்ட் டேப் (துணி வைத்த கெட்டியான ஒட்டு நாடா) எடுத்துப் போவதா, கேபிள் டை (இழுத்துப் பூட்டும் பிளாஸ்டிக் பட்டை) எடுத்துப் போவதா? வால்பாறை, திம்பம் என்று மலைப்பாதைகளுக்குச் சைக்கிளில் கிளம்புகிறவர்களுக்கு வரும் குழப்பம் இது.

எடை: இரண்டுமே பாரமில்லை. டேப்பை முழு உருளையாகத் தூக்க வேண்டாம், காற்றடிக்கும் பம்பின் மேல் சில சுற்று சுற்றிக்கொண்டால் போதும்.

விலை: டை மலிவு. எலக்ட்ரிகல் கடைகளில் கிடைக்கும்.

டயர் கிழிந்தால்: டேப்தான். உள்பக்கம் இரண்டு மூன்று மடிப்பாக ஒட்டினால் டியூப் வெளியே பிதுங்காது. அப்புறம் காற்றைக் கொஞ்சம் குறைத்து, இறக்கத்தில் மெதுவாகப் போங்கள். வால்பாறை போகும் வழியில், ஆழியாறு தாண்டி வரும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் சைக்கிள் கடையைத் தேட முடியாது. இந்த ஒன்றுக்காகவே டேப் வேண்டும்.

கேரியர் போல்ட் கழன்று விழுந்தால்: டை. மழையிலும் இறுக்கம் விடாது. டேப் ஈரத்தில் ஒட்டாது, வெயிலில் பசை இளகிவிடும்.

ஈரோடு, கோபி என்று சமவெளியில் சுற்ற டை போதும். மலையேறுவதென்றால் இரண்டும் பையில் இருக்கட்டும்.