ஃபேர் வொர்க் கால்குலேட்டரும் 13 13 94-உம்: பழத்தோட்டத்தில் வேலை பார்த்தவளின் மதிப்பீடு

சுற்றிப் பார்த்துக்கொண்டே வேலையும் பார்க்க அனுமதிக்கும் 462 விசாவில் ஆஸ்திரேலியா கிளம்பும் பெண்கள் எனக்கு அனுப்பும் கேள்விகளில் பாதி சிம் கார்டு பற்றியும் குளிருக்கு ஜாக்கெட் பற்றியும்தான். இரண்டும் இங்கே எந்த ஊரிலும் கிடைக்கும். நான் எழுத நினைப்பது காசில்லாமல் கிடைக்கிற ஓர் அரசு சேவையைப் பற்றி. அதன் பெயர் ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மன். வேலையாட்களின் சம்பளம், உரிமை பற்றிய புகார்களைக் கவனிக்கும் அலுவலகம். அதன் இணையதளத்தில் ஒரு சம்பளக் கால்குலேட்டர் இருக்கிறது, 13 13 94 என்று ஒரு தொலைபேசி எண் இருக்கிறது. குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பண்டபர்க் பக்கம் ஸ்ட்ராபெரி பறித்த காலத்தில் எனக்குச் சேர வேண்டிய கூலி முழுசாகக் கைக்கு வந்தது இவை இரண்டால்தான்.

இந்தியர்களுக்கு இந்த விசாவுக்கான முதல் பதிவு 2024 அக்டோபரில்தான் நடந்தது. வருடத்துக்கு 1,000 இடம், அதுவும் குலுக்கலில். வயது 18 முதல் 30 வரை. குறைந்தது இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பு வேண்டும் என்பதால், வருகிறவர்களில் பெரும்பாலோர் வயலில் கூலிக்கு நின்று பழகாதவர்கள். ஆனால் இரண்டாம் வருடமும் இங்கே தங்க வேண்டுமென்றால் நகரத்தை விட்டுத் தள்ளிப்போய், அவர்கள் குறித்த வேலைகளில் ஒன்றை மூன்று மாதம் செய்தாக வேண்டும். தோட்ட வேலை அதில் முக்கியமானது. நமக்கு அந்த மூன்று மாதம் எவ்வளவு அவசரம் என்று ஆள் பிடித்துக் கொடுக்கும் காண்ட்ராக்டருக்கு நன்றாகத் தெரியும். கூலி குறைவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

எங்கள் காண்ட்ராக்டர் ட்ரே கணக்கில் கூலி போட்டார். பீஸ் ரேட் என்பார்கள். சீசன் தொடக்கத்தில் பழம் குறைவு. மழை பெய்தால் பாதி அழுகிவிடும், அழுகியது கணக்கில் வராது. விடிகாலையிலிருந்து 8 மணி நேரம் குனிந்து பறித்தாலும் 150 டாலர் தாண்டாத நாட்கள் உண்டு. "கை வேகம் போதாது" என்று சொல்லிவிடுவார்கள். கூட இருந்த தைவான் பெண்களும் அதை அப்படியே நம்பினார்கள். கம்பத்தில் திராட்சைத் தோட்டத்துக் கூலிக்குப் போய்த்தான் என் அம்மா என்னைப் படிக்க வைத்தார். கை வேகத்தைக் காரணம் காட்டிக் கூலியைக் குறைப்பதைப் பற்றி அவர் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். அதனால் இந்தப் பேச்சு எனக்கு உறுத்தியது.

சரி, கால்குலேட்டருக்கு வருகிறேன். என்ன தொழில், என்ன வேலை, கேசுவலா (வேலை இருக்கும்போது மட்டும் கூப்பிடுவது) நிரந்தரமா, வயது என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். தோட்ட வேலைக்கு ஹார்ட்டிகல்சர் அவார்டு என்று ஒரு தனிச் சட்ட ஆவணம் உண்டு. அதைத் தேர்ந்தெடுத்ததும் குறைந்தபட்ச ஊதியத்தைக் காட்டும். 2025 ஜூலை 1 அன்று நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 டாலர் ஆனது. கேசுவல் என்றால் அதற்கு மேல் 25 சதவீதம். அவார்டில் வேலையின் படிநிலையைப் பொறுத்துச் சில்லறை மாறும், ஆனாலும் பெரியவர்களுக்குக் கேசுவலில் மணிக்கு 30 டாலருக்கு மேல்தான் வரும். அப்படியென்றால் 8 மணி நேரத்துக்கு 240 டாலருக்கு மேல். எனக்கு வந்தது 150.

பீஸ் ரேட்டுக்கு இந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்பீர்கள். 2022 ஏப்ரல் 28 முதல் விதி மாறிவிட்டது. ட்ரே கணக்கில் எவ்வளவு வந்தாலும், வேலை பார்த்த மணி நேரத்துக்கான குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே அன்றைய வருமானம் இறங்கக் கூடாது. குறைந்தால் மீதியை முதலாளி போட்டுத் தர வேண்டும். பீஸ் ரேட் எவ்வளவு என்று எழுத்தில் கொடுக்க வேண்டும், வேலை நேரத்தையும் பதிவு செய்ய வேண்டும். எங்கள் ஷெட்டில் பழம் பறித்த ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. ஃபேர் வொர்க் தளத்தில் இது தெளிவாகவே இருக்கிறது, படித்துப் பார்க்க அரை மணி நேரம் போதும். எனக்கு இன்றும் கோபம் வருவது இந்த ஒரு விஷயத்தில்தான்.

தொலைபேசியில் ஆங்கிலம் பேசத் தயங்குகிறவர்கள் 131 450 என்ற எண்ணை முதலில் அழைக்கலாம். அது அரசின் மொழிபெயர்ப்புச் சேவை. தமிழ் என்று சொல்லி, 13 13 94-உடன் இணைக்கச் சொன்னால் மூன்று பேரும் ஒரே லைனில் பேசலாம். எனக்கு ஆங்கிலம் வரும். ஆனாலும் பணத் தகராறை என் மொழியில் சொல்வதுதான் தெம்பு என்று தோன்றியது. யாழ்ப்பாணத் தமிழ் பேசிய ஓர் அக்கா கிடைத்தார். நான் படபடவென்று கொட்டியபோது, "ஆறுதலாச் சொல்லுங்கோ, ஒண்டையும் விடாமல் சொல்லுறன்" என்றார். அந்த ஒரு வரிக்கே நன்றி சொல்ல வேண்டும்.

அதிகாரி சொன்ன வழி எளிமையானது. தேதிவாரியாக நேரத்தை எழுதி, பே ஸ்லிப்போடு ஒப்பிட்டு, குறைந்த தொகையைக் குறிப்பிட்டு முதலாளிக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். கடிதத்தின் மாதிரி அவர்கள் தளத்திலேயே இருக்கிறது. சம்பளம் போட்ட ஒரு வேலை நாளுக்குள் பே ஸ்லிப் தருவது கட்டாயம் என்பதும் அன்றுதான் உறைத்தது. மூன்று பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். காண்ட்ராக்டர் முதலில் விசாவைப் பற்றி ஜாடையாகப் பேசினார். விசாவைக் காட்டி வேலையாளை மிரட்டுவது 2024 ஜூலை 1 முதல் குற்றம் என்று நான் மரியாதையாகவே சொன்னேன். அடுத்த சம்பளத்தோடு மீதியும் வந்து சேர்ந்தது.

எல்லாவற்றுக்கும் இந்தச் சேவை போதாது. ஆளுக்கு ஆள் வழக்கு நடத்தித் தரும் வக்கீல் இல்லை அவர்கள். முதலாளி கடைசிவரை மறுத்தால், 100,000 டாலர் வரையான தொகைக்குச் சிறு கோரிக்கை முறையில் நாமே நீதிமன்றம் போகலாம், அதற்குப் பொறுமை வேண்டும். வரி விஷயத்துக்கும், சூப்பர் எனும் ஓய்வூதியப் பணம் வராமல் போனால் அதற்கும் பெரும்பாலும் வரி அலுவலகத்தைத்தான் பார்க்க வேண்டும். சனி, ஞாயிறு அழைக்க முடியாது. வார நாளில் வயலில் நிற்பவர்களுக்கு அது சிரமம், மழைக்கு வேலை நிற்கும் நாளைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கால்குலேட்டரில் படிநிலையைத் தேர்வு செய்யும் இடம் முதல் முறை பார்ப்பவரைக் கொஞ்சம் குழப்பும். சந்தேகம் இருந்தால் அந்த இடத்தில் ஊகிக்காமல் தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது. ஐந்துக்கு நாலரை கொடுப்பேன்.

அப்புறம் ஒன்று. குயின்ஸ்லாந்தில் ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர் எல்லோரும் லேபர் ஹையர் உரிமம், அதாவது கூலிக்கு ஆள் அனுப்பும் உரிமம், வைத்திருக்க வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியலை யாரும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். தங்கும் இடத்துக்கு அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் அதில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கூலி வேலைதான், ஆனாலும் ஏபிஎன் எனும் தொழில் பதிவு எண் எடுத்து வரச் சொன்னால், நம்மைத் தனித் தொழில் செய்பவராகக் காட்டிக் குறைந்தபட்ச ஊதியத்திலிருந்து தப்பிக்கப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். அது சட்டவிரோதம், அதையும் 13 13 94-இல் சொல்லலாம்.