கிணறு, மோட்டர், மூன்று தாங்கிகள்: கிளிநொச்சியில் எங்கள் பைப் அமைப்பின் 12 ஆண்டுகள்

மீள்குடியேறி வந்த பின் 2012 இல் வீட்டைக் கட்டி முடித்தோம். 2015 இல் ஏ9 வீதியோரமாக ஒரு சிறிய சாப்பாட்டுக் கடையைத் தொடங்கினோம். இரண்டுக்கும் கிணற்றுத் தண்ணீர்தான். வீட்டுக்கு 1,000 லீற்றர் தாங்கி ஒன்றும் கடைக்கு அதே அளவில் இரண்டும் இருக்கின்றன. வீடு கட்டுகிறவர்கள் கூரை ஓடுகளையும் கதவையும் பற்றி நாலு பேரிடம் விசாரிக்கிறார்கள், ஆனால் சுவருக்குள் போகும் பைப்பைப் பற்றி யாரிடமும் கேட்பதில்லை. நாங்களும் கேட்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் பிழை வரைபடத்திலேயே நடந்துவிட்டது. தாங்கியிலிருந்து இறங்கும் பைப்பில் ஒரே ஒரு வால்வு மட்டும் இருந்தது. குசினி, குளியலறை, மலசலகூடம் எதற்கும் தனி வால்வு இல்லை. ஒரு குழாயின் வாஷரை மாற்றுவதற்குக்கூட முழு வீட்டுத் தண்ணீரையும் நிறுத்த வேண்டியிருந்ததால் சின்னச் சின்ன ஒழுக்குகளை நாங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம். குளியலறைக் குழாய் ஒன்று நொடிக்கு ஒரு துளியாகச் சொட்டியபோது இரவு அதன் கீழே 10 லீற்றர் வாளியை வைத்துப் பார்த்தேன். விடியும்போது அது ஏறக்குறைய நிரம்பியிருந்தது. 2016 இல் ஒவ்வொரு அறைக்கும் ஒரு வால்வும், மோட்டருக்கு இரு பக்கமும் யூனியனும் (மரையால் பூட்டும் இணைப்பு) போட்டோம். இந்த 12 ஆண்டுகளில் செலவழித்த காசில் மிகுந்த பயன் தந்தது அதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். சொலூசன் பூசி ஒட்டிய இணைப்பை வெட்டித்தான் எடுக்க முடியும். யூனியனைக் கையால் கழற்றிப் பூட்டலாம்.

அதன் அருமை எங்கள் கிணற்றில்தான் தெரியும். ஆவணி, புரட்டாதியில் நீர்மட்டம் வெகுவாக இறங்கிவிடும். மேலே இருந்து உறிஞ்சும் மோட்டர் கணக்குப்படி ஏறத்தாழ 10 மீற்றர் ஆழத்திலிருந்து இழுக்க வேண்டும் என்றாலும், நடைமுறையில் 7 மீற்றரைத் தாண்டினாலே திணறத் தொடங்கும். ஆகவே கோடையில் மோட்டரைக் கிணற்றுக்குள் இருக்கும் கட்டின் மேல் இறக்கி வைக்கிறோம், ஐப்பசி மழைக்கு முன் மேலே ஏற்றுகிறோம். யூனியன் இருப்பதால் இது அரை மணி நேர வேலை. 2018 இல் மட்டும் கடை வேலையில் கிடந்து ஏற்றாமல் விட்டுவிட்டேன். அந்த ஆண்டு டிசெம்பர் வெள்ளத்தில் மோட்டர் மூழ்கி, சுருள் முழுவதையும் புதிதாகச் சுற்ற வேண்டியதாயிற்று. மோட்டர் ஓடியும் தண்ணீர் வராவிட்டால் உடனே மோட்டரைக் குறை சொல்லாமல் முதலில் உறிஞ்சு பைப்பின் அடிநுனியில் இருக்கும் ஒருவழி வால்வான பூட் வால்வைப் பாருங்கள். அதன் இறப்பருக்குள் ஒரு சிறு கல் மாட்டினாலே உறிஞ்சு பைப்பில் நிற்க வேண்டிய தண்ணீர் கிணற்றுக்குத் திரும்பி, பைப்பில் காற்று நிறைந்துவிடும். தண்ணீரில்லாமல் ஓடும் மோட்டரின் சீல் சூட்டில் கெட்டுவிடும்.

அடுத்தது வெயில். தாங்கியிலிருந்து வெளிச்சுவரோடு இறங்கிய பிவிசி பைப் ஆறாம் ஆண்டில் ஒரு ஏணி தட்டியதற்கே உடைந்தது. வந்த பைப் வேலைக்காரர், “அண்ணை, பைப்பில பிழையில்லை, வெயில்தான் திண்டிட்டுது,” என்றார். சூரியனின் புறஊதாக் கதிர் பிவிசியை மெல்ல மெல்ல நொறுங்கத்தக்கதாக்கும். இப்போது வெளியே போகும் பைப்புகள் எல்லாம் ரைப் 1000 (இலக்கம் கூடினால் தாங்கும் அழுத்தமும் கூடும்). அவற்றின் மேல் வெள்ளை எமல்சன் பூச்சும் இருக்கிறது. மலிவு என்று ரைப் 600 வாங்கி மோட்டரின் தள்ளுபக்கத்தில் போட வேண்டாம். தாங்கி மூடியையும் கம்பியால் கட்டி வைத்திருக்கிறோம், ஏனென்றால் குரங்குகள் அதைத் திறந்துவிடுகின்றன.

எங்கள் தண்ணீர் வன்நீர். கல்சியம் படிந்து, ஷவர் முகப்பின் துளைகள் ஆறு மாதத்தில் பாதி அடைத்துவிடும்; சலவை இயந்திரத்தின் நுழைவாயில் வலையும் அப்படியே. முகப்பைக் கழற்றி வினாகிரியில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போதும். இரவு முழுக்க விட்டால் குரோம் பூச்சு மங்கிவிடும் என்பதை ஒரு நல்ல குழாயைக் கெடுத்தே அறிந்தேன். மலசலகூடத்துத் தண்ணீர்த் தொட்டியான சிஸ்டன் சத்தமில்லாமல் ஒழுகுவதற்கும் பெரும்பாலும் இதே படிவுதான் காரணம். சிஸ்டனுக்குள் கொஞ்சம் மஞ்சள் தூளைக் கரைத்துவிட்டுக் கால் மணி நேரம் பொறுங்கள். தண்ணீர் திறக்காமலே கொமட்டில் மஞ்சள் நிறம் வந்தால் அடி இறப்பரை மாற்ற வேண்டும்.

கடையின் கதை வேறு. அங்கே உள்ளே வரும் தண்ணீரைவிட வெளியே போகும் தண்ணீர்தான் தொல்லை. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகையில் உறையக்கூடியது. மற்ற மாதங்களில் திரவமாக ஓடிவிடும் எண்ணெய், மார்கழி, தை மாத இரவுகளில் பைப்பின் உட்சுவரில் வெண்மையாகப் படிந்து, சோற்றுப் பருக்கையையும் தேங்காய்ப் பூவையும் பிடித்துக்கொள்ளும். முதல் இரண்டு ஆண்டுகளும் தைப்பொங்கலை ஒட்டியே கழிவு பைப் அடைத்தது. காஸ்டிக் சோடா போட்டுப் பார்த்தோம்; அது கொழுப்போடு சேர்ந்து வளைவில் சவர்க்காரக் கட்டிபோல இறுகிக் கிடந்தது, அதைக் கிளறிய பையனின் கையும் வெந்துபோனது. அதன் பிறகு அதைக் கடைக்குள் விடுவதில்லை. கழுவுதொட்டிக்கு வெளியே இரண்டு அறையுள்ள சீமெந்துத் தொட்டி கட்டினோம். முதலறையில் கொழுப்பு மிதந்து நிற்கும், அடியிலிருந்து எடுக்கும் வளைபைப் வழியாகத் தண்ணீர் மட்டும் அடுத்த அறைக்குப் போகும். ஞாயிறு தவறாமல் கொழுப்பை அள்ளுகிறோம். தட்டுகளைக் கழுவுமுன் பேப்பரால் துடைக்கிறோம். பைப் முழங்கையாக வளையும் இடத்தில் திறந்து பார்க்கும் மூடியும் வைத்திருக்கிறோம்.

2022 மார்ச் முடிவில் 13 மணி நேரம் மின்சாரம் இல்லாதபோதும் கடையை மூடாமல் நடத்த முடிந்தது, இரு தாங்கிகளுக்கும் தனித்தனி வால்வு இருந்ததனால்தான். ஒன்றைச் சமையலுக்கென்று பூட்டி வைத்து, மற்றதைக் கழுவப் பயன்படுத்தினோம்.

வெள்ளம் வடிந்தபின் கிணற்றுக்கு குளோரின் போடும்போது பலரும் பைப்பை மறந்துவிடுகிறார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொன்ன அளவில் கிணற்றில் போட்ட பிறகு, அந்தத் தண்ணீரையே தாங்கிக்கு ஏற்றி, ஒவ்வொரு குழாயிலும் குளோரின் மணம் வரும்வரை திறந்துவிட்டு, இரவு முழுக்கப் பைப்புகளில் நிற்கவைத்து, அடுத்த நாள் மணம் போகும்வரை ஓடவிட்டோம்.

இன்னும் மாற்றாமல் இருப்பது வீட்டுக் குளியலறைச் சுவருக்குள் போகும் பழைய பைப் ஒன்று. அதன் இணைப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கட்டியவரும் இப்போது ஊரில் இல்லை. வரும் வைகாசியில் அதைச் சுவரிலேயே விட்டுவிட்டு, வெளிப்புறமாகப் புதிய பைப் இழுக்கப் பொருட்கள் வாங்கி வைத்திருக்கிறேன்.