பத்மினிக்கு டிங்கரிங் கொடுப்பதற்கு முன்னால் ஒரு காந்தம் வாங்குங்கள்

சென்னையில் பிரீமியர் பத்மினியோ அம்பாசிடரோ வைத்திருக்கிறவர்கள் அடுத்த மழைக்குள் இதைப் படித்துவிடுங்கள். கடைப் பெயரைக் கேட்காதீர்கள், போடமாட்டேன். இந்த ஏமாற்று வேலை ஒரு கடையில் மட்டும் நடப்பதில்லை, அதனால் என்ன செய்தார்கள் என்று தெரிந்தால் போதும்.

வண்டி அப்பாவுடையது, 1984 மாடல். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், இரண்டு நாள் வண்டி அதிலேயே நின்றது. எஞ்சினை ஒரு மெக்கானிக் பார்த்துக் கொடுத்துவிட்டார், 1089 சிசி எஞ்சினைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாடிதான் தலைவலி. டிரைவர் சீட்டுக்குக் கீழே கால்மிதியைத் தூக்கினால் தகடு அப்பளம் மாதிரி நொறுங்கியது. முன் கண்ணாடியின் இரண்டு கீழ் மூலையிலும் தண்ணீர் கசிந்து, காலடியில் எப்போதும் ஈரம், எப்போதும் ஒரு வாடை.

விசாரித்ததில் பாடித் தகட்டு வேலை பார்க்கிற ஒரு டிங்கரிங் கடையைச் சொன்னார்கள். வாசலில் இரண்டு பழைய பியட் பளபளவென்று நின்றன, நானும் மயங்கிவிட்டேன். "சார், அழுகின தகடெல்லாம் வெட்டி எறிஞ்சிட்டு 18 கேஜ் கனத்து ஷீட்ல புதுசா வெல்டிங் பண்ணிடுவோம், ஒரு சொட்டு உள்ள வராது" என்றார் கடைக்காரர். 85,000 ரூபாய் பேசி, வெள்ளைத்தாளில் 'பாடி வொர்க் ஃபுல்' என்று எழுதிக் கொடுத்தார். அந்த மூன்று சொல்லை நம்பித்தான் மூன்று மாதம் காத்திருந்தேன். நடுவில் இரண்டு முறை போனபோது "பிரைமர் காயுது சார், கிட்டப் போகாதீங்க" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

2024 மே மாதம் வண்டி வந்தது. பெயிண்ட் அருமை, அப்பாவே கையால் தடவிப் பார்த்தார். அடியில் கருப்பாகத் தார் பூச்சு, அதற்குத் தனியாக 6,000.

அக்டோபரில் முதல் பெரிய மழை. மறுநாள் காலை டிரைவர் கதவைத் திறந்தால் கதவு கனக்கிறது, ஆட்டினால் உள்ளே குடம் தளும்புகிற சத்தம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தாம்பரத்தில் ஒரு வயதான டிங்கரிடம் கொண்டுபோனேன், அவர் குனிந்து கதவின் அடி விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, தண்ணி போற ஓட்டையெல்லாம் அடைச்சு வச்சிருக்கான்." ஸ்க்ரூடிரைவரால் ஒரு குத்து, அரை வாளி செம்மண் நிறத் தண்ணீர் அவர் செருப்பு மேலேயே கொட்டியது.

எந்தக் காராக இருந்தாலும் கதவுக் கண்ணாடி ஏறி இறங்குகிற இடுக்கு வழியாக மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும், அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். இறங்கிய தண்ணீர் அடியில் இருக்கிற சின்ன ஓட்டைகள் வழியாகப் போய்விட வேண்டும். என் வண்டியில் 'லீக் அடைக்கிறேன்' என்று அந்த ஓட்டைகளைத்தான் அடைத்திருக்கிறார்கள். தண்ணீர் வருகிற வழி அப்படியே இருக்கிறது, போகிற வழிக்குப் பூட்டு.

முன் கண்ணாடி இன்னும் மோசம். கண்ணாடியைச் சுற்றி ஓடுகிற பழைய ரப்பர் பீடிங் சுருங்கி மூலையில் விலகியிருந்தது. புது பீடிங் போட்டதாகச் சொல்லிக் காசு வாங்கினார். போடவில்லை, அதே பீடிங்கைச் சுற்றி பாத்ரூமுக்கு அடிக்கிற சிலிக்கானை இழுத்து, மேலே கருப்பு பாலிஷ். போடும்போது வினிகர் வாடை அடிக்குமே, அந்த வகை. அதிலிருந்து வருகிற அமிலம் வெறும் தகட்டையே அரிக்கும், அதோடு உள்ளே புகுந்த ஈரத்தை வெளியேயும் விடாது. ஐந்து மாதத்தில் கண்ணாடி உட்காருகிற விளிம்பு முழுக்கத் துருப் பொடி.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. நவம்பரில் ஜிஎஸ்டி ரோட்டில் பஞ்சர். கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற தகட்டுப் பெட்டிக்கு அடியில் ஜாக்கியை வைத்துச் சுற்றினேன். ஜாக்கி ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. முறுக்கு உடைகிற மாதிரி ஒரு சத்தம், பார்த்தால் ஜாக்கியின் தலை தகட்டுக்குள் புகுந்துவிட்டது. நல்லவேளை, அடியில் கை விடவில்லை. ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்கு இருக்கிற மாதிரி பத்மினிக்குத் தனி சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. அந்தப் பெட்டியும் தரைத் தகடும்தான் வண்டியின் எலும்பு.

தாம்பரத்துப் பெரியவர் அந்த இடத்தைக் கிழித்துக் காட்டினார். பள்ளத்தை நிரப்பப் பூசுகிற பட்டி விரல் கனத்துக்கு, அதற்குப் பின்னால் கோழி வலை, வலை விழாமல் இருக்க உருட்டித் திணித்த செய்தித்தாள். வெல்டிங் ஒரு பொட்டுகூட இல்லை. தரையில் மட்டும் புதுத் தகடு இருந்தது, அதுவும் அழுகின தகட்டை வெட்டாமல் அதன் மேலேயே வைத்து ரிவெட் அடித்தது. இரண்டு தகட்டுக்கும் நடுவில் ஈரம், கீழே தார். தாரை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் துரு பக்கு பக்காக உதிர்ந்தது. பட்டியும் ஈரத்தை உறிஞ்சும், அடியில் இருக்கிற துரு இரும்பைவிடப் பல மடங்கு ஊதும். பெயிண்ட் கொப்புளம் வருவது அப்படித்தான்.

கடைக்குப் போனேன். "பழைய வண்டி சார், அது உங்களுக்கு முன்னாடி யாரோ பண்ண வேலை" என்றார். வண்டி 1984-இல் இருந்து எங்கள் வீட்டில்தான் இருக்கிறது என்றேன். அப்படியென்றால் உங்கள் அப்பா யாரிடமாவது கொடுத்திருப்பார் என்றார். பையிலிருந்து அந்தச் செய்தித்தாளை எடுத்து மேஜையில் விரித்தேன். ஐபிஎல் புள்ளிப் பட்டியல், மேலே தேதி 2024 ஏப்ரல். வண்டி அவர் கடையில் நின்ற மாதம். கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "பசங்க பண்ணியிருப்பானுங்க சார்" என்றார்.

பழைய காரை வேலைக்கு விட்டிருக்கிறவர்கள் பட்டி போடுவதற்கு முன்னால் ஒரு முறை, பெயிண்டுக்கு முன்னால் ஒரு முறை கட்டாயம் போய்ப் பாருங்கள், வெறும் தகட்டை போட்டோ எடுங்கள். காட்டமாட்டேன் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை வண்டியின் உடம்பு முழுக்க ஓட்டுங்கள், ஒட்டாமல் நழுவுகிற இடத்தில் பட்டிதான். கசிவைக் கண்டுபிடிக்க ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார, இன்னொருவர் ஹோஸ் பைப்பைக் கீழிருந்து தொடங்கி மெதுவாக மேலே கொண்டுபோக வேண்டும். எடுத்ததும் கூரையில் அடித்தால் எல்லா இடமும் நனையும், எங்கே ஓட்டை என்று தெரியாது. சந்தேகமான இடத்தில் டால்கம் பவுடர் தூவினால் தண்ணீர் வந்த தடம் கோடாகத் தெரியும். இதைப் பெரியவர் எனக்கு அரைமணி நேரத்தில் செய்து காட்டினார், ஒரு ரூபாய் வாங்கவில்லை.

பில் கேட்டு வாங்குங்கள், அதில் எந்தத் தகடு, எந்த இடம், எத்தனை கேஜ் என்று இருக்க வேண்டும். என்னிடம் இருப்பது அந்த வெள்ளைத்தாளும் ஜிபே ரசீதும்தான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும் என்று வக்கீல் நண்பர் சொன்னார். மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கடைக்காரர் நேற்று போன் பண்ணினார். பணம் திருப்ப முடியாதாம், வேண்டுமானால் ஒரு பாலிஷ் ஃப்ரீயாகப் போட்டுத் தருகிறாராம்.